மூன்றாவது பறவை

போன வாரம் வாசலில் கார் வந்து நின்றது, பின்னாலிருந்து ஒரு பெட்டி இறங்கியது என்று சொல்லிவிட்டு நான் பாட்டுக்குக் கிளம்பிவிட்டேன். "இறங்கினது யாருன்னு சொல்லாம போக உமக்கு எப்படி மனசு வந்துச்சு?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கேட்டது நியாயம்தான். இறங்கியவர் டீச்சரம்மா. அந்த வீட்டில் யார் வரவே கூடாது என்று எல்லோரும் மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தார்களோ, அவர்.

இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்கு விவரம் சொல்லிவிடுகிறேன். அக்காவும் தம்பியும் வீட்டு முன்னறையில் கையால் வாழ்த்து கார்டு செய்து பிழைக்கிறவர்கள். ரப்பர் ஸ்டாம்பை மையில் தொட்டுப் படம் பதிப்பார்கள். இலை, பூ, ஜன்னல் என்று வளைத்துச் செய்த மெல்லிய கத்தித் தகட்டை அட்டை மேல் வைத்து, கைப்பிடி போட்ட மெஷினில் விட்டுச் சுற்றினால் அந்த வடிவம் வெட்டிக்கொண்டு வரும். ரிப்பன் கட்டிய சின்னச் சின்னப் பரிசுப் பெட்டிகளும் செய்வார்கள்.

தம்பியின் முதல் மனைவி ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சலில் கண்ணை மூடிவிட்டாள். அந்த வீட்டில் அவளைப் 'போனவள்' என்றுதான் சொல்வார்கள். இப்போது இருக்கிற மனைவி கல்யாணமாகி ஐந்தே மாதம் ஆனவள். அக்கா விளையாட்டாக 'புதுசு' என்று கூப்பிடப்போக, அதுவே நிலைத்துவிட்டது.

டீச்சரம்மா போனவளைப் பெற்றவர். ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மகள் இறந்த சமயம் அவர் இருதய ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். "இப்ப எதையும் சொல்லிடாதீங்க" என்றார் டாக்டர். அடுத்த மாசம் சொல்லிக்கலாம், உடம்பு தேறட்டும் என்று தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியில் சொல்லவே இல்லை.

டீச்சரம்மாவுக்குக் காது கேட்காது. முகத்தைப் பார்த்துப் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். அதனால் போன் பேச்சு கிடையாது. மாதா மாதம் மகள் செய்து அனுப்பும் கார்டு ஒன்றுதான் அவருக்குத் தகவல். அது நின்றால் விஷயம் வெளியே வந்துவிடுமே! முதலில் அக்காவே செய்து அனுப்பினாள். அக்காவுக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்ததும் அந்த வேலை புதுசின் தலையில் விழுந்தது. செத்தவளின் கைவேலையைப் பழகி, செத்தவளின் பேரில், செத்தவளின் அம்மாவுக்கு! எந்தப் புதுப்பெண்ணுக்கும் இப்படி ஒரு வேலை வாய்த்திருக்காது.

டீச்சரம்மா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோதே அக்கா புதுசின் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இங்க பாரும்மா. நீ வேலைக்கு வந்த பொண்ணு. புரியுதா?"

"யாரு?"

"நீதான். அவ வெளியூர்ல ஒரு ஆர்டருக்குப் போயிருக்கா, வர ஒரு வாரம் ஆகும்னு சொல்லிக்கறேன். நீ கார்டு ஒட்ட வந்த பொண்ணு. மோதிரத்தைக் கழட்டிடு."

"அக்கா, இது என் வீடு."

"யாரு இல்லேன்னா? ஒரே ஒரு நாள்தான். அந்தம்மாவுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, அந்தப் பாவத்தை யாரு சுமக்கறது? நீ சுமப்பியா?"

புதுசு தம்பியைப் பார்த்தாள். அவன் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, கட்டியவன் பேச வேண்டிய இடத்தில் கதவுத் தாழ்ப்பாளை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தான். ஐந்து மாதமாக அவன் இப்படித்தான். கேட்டால் பதில் சொல்வான், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. நல்லவன்தான். ஆனால் நல்லவனோடு குடித்தனம் நடத்துவதற்கு அவன் கொஞ்சம் வீட்டில் இருக்கவும் வேண்டும் இல்லையா?

அவள் கையில் சோப்பைத் தடவி மோதிரத்தைக் கழற்றினாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

டீச்சரம்மா முன்னறையில் மேஜைக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். குட்டையான உருவம், நிமிர்ந்த முதுகு, எதையும் தவறவிடாத கண். மகள் வெளியூர் போயிருக்கிறாள் என்று அக்கா கையை ஆட்டி ஆட்டிச் சொன்னதைக் கடைசி வரை பார்த்துவிட்டு, "அப்படியா, சரி" என்று மட்டும் சொன்னார்.

"இந்தப் பொண்ணு யாரு?"

"வேலைக்கு வந்திருக்கு. நல்ல பொண்ணு" என்றாள் அக்கா.

புதுசு தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்த்தாள். பூக்கடைக்காரருக்கு மாலைக்குள் இலை வடிவச் சீட்டுகள் போக வேண்டும், பூங்கொத்தில் தொங்கவிட. தகட்டைப் பச்சை அட்டை மேல் வைத்து மெஷினில் விட்டுச் சுற்றினாள். இலை இலையாக விழுந்தது. டீச்சரம்மா அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழகின கைதான். அவளை மாதிரியே பிடிக்கறே."

"அவங்கதான் சொல்லிக்குடுத்தாங்க" என்று நிமிர்ந்து பொய் சொன்னாள் புதுசு. சொல்லும்போதே வாய் கசந்தது.

அக்கா காபி கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு டீச்சரம்மா தன் பெட்டியைத் திறந்தார். உள்ளே துணிமணிகளுக்கு மேலே ஒரு பிஸ்கட் டப்பா. டப்பாவுக்குள் கார்டுகள்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். கொஞ்ச மாசமா எதுக்கு ரெண்டு ரெண்டா அனுப்பறா?"

அக்கா சிரிக்கப் பார்த்தாள். "ரெண்டா? ஒண்ணுதானேம்மா..."

"ஒரே கவர்லதான் வருது. நீயே பாரு."

ஜோடி ஜோடியாக மேஜையில் பரப்பினார்.

இந்த இடத்தில் அந்தக் கார்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போனவள் செய்யும் கார்டின் முன்பக்கத்தில் முட்டை வடிவில் ஒரு ஜன்னல் வெட்டியிருக்கும். ஜன்னல் வழியாக உள்ளே ஒரு பறவை தெரியும். ஸ்டாம்பை மையில் தொட்டு அந்தப் பறவையைப் பதிப்பாள். அப்புறம் மையில் தொடாமல், ரப்பர் மேல் வாயால் 'ஹா' என்று ஆவி விட்டு, பக்கத்திலேயே இன்னொரு தடவை பதிப்பாள். ரப்பரில் மிச்சமிருக்கிற மை ஈரத்தில் இளகி, வெளிறிப்போன இரண்டாவது பறவை விழும். பார்க்க முதல் பறவையின் நிழல் மாதிரி இருக்கும். புதுசும் அதை அப்படியே பழகியிருந்தாள்.

மேஜையில் இருந்த ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு கார்டு புதுசுடையது. கருத்த பறவை ஒன்று, வெளிறிய பறவை ஒன்று. அவளுக்குத் தெரியாதா தன் கைவேலை!

இன்னொரு கார்டை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. அதே அட்டை, அதே ஜன்னல். உள்ளே ஒரே ஒரு பறவைதான். வெளிறியதிலும் வெளிறியது, சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

"கவரை நீதானே ஒட்டினே?" என்று அக்கா உதடு அசையாமல் கேட்டாள்.

"நான்தான். ஒண்ணுதான் வெச்சேன்."

போன மாதத்து ஜோடியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள் புதுசு. 

அவளுடைய கார்டில் பறவையின் இறக்கைக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. அது அவள் செய்த பிழை. மை தொடும்போது அவள் தலைமுடி ஒன்று ரப்பரில் ஒட்டிக்கொண்டுவிட்டது. கவனிக்காமல் பதித்துவிட்டாள். இரண்டு பறவையிலும் கோடு விழுந்த பிறகுதான் பார்த்தாள். போகட்டும், யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டாள். கார்டு செய்கிறவர்கள் எல்லோருக்கும் இந்தச் சோம்பல் என்றைக்காவது வரும்.

அந்த இன்னொரு கார்டில் இருந்த பறவையின் இறக்கையிலும் அதே கோடு. அதே இடத்தில், அதே வளைவோடு.

இது ஸ்டாம்ப் பிடிக்காதவர்களுக்குச் சட்டென்று உறைக்காது. அன்றைக்கு அவள் வேலை முடிந்து ஸ்டாம்பை ஈரத் துணியால் துடைத்தபோது அந்த முடி துணியோடு வந்துவிட்டது. அப்படியானால் மூன்றாவது பறவை, அவள் ஸ்டாம்பைக் கீழே வைத்ததற்கும் துடைத்ததற்கும் நடுவில் விழுந்திருக்க வேண்டும். ஒரு சில நிமிஷம்தான். காய ஆரம்பித்த மையின் மேல் யாரோ 'ஹா' என்று மூச்சு விட்டிருக்க வேண்டும்.

அன்றைக்கு அக்கா கண் ஆஸ்பத்திரியில் இருந்தாள். தம்பி பூக்கடைக்குச் சரக்குக் கொண்டுபோயிருந்தான். வீட்டில் அவள் மட்டும்தான். கேஸ் சிலிண்டர்காரர் மணி அடித்தார் என்று ஸ்டாம்பை வைத்துவிட்டுப் பின்வாசலுக்குப் போனாள். சில்லறை தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது முன்னறையில் மெஷின் கிரீச்சிட்டது காதில் விழுந்தது. பூக்கடைக்குப் போனவர் வந்துட்டார் போலிருக்கு என்று நினைத்தாள். திரும்பி வந்து பார்த்தால் யாரும் இல்லை. ஒரு தாளை இரண்டாக வெட்டினால் இரண்டு கார்டு வரும். பாதித் தாளைத்தான் அவள் எடுத்திருந்தாள், மறுபாதியைக் காணோம். அக்கா எடுத்திருப்பாள் என்று அதையும் விட்டுவிட்டாள்.

எதையெல்லாம் இப்படி விட்டுவிட்டேன் என்று இப்போது பயம் வந்தது. கார்டை எடுத்துக்கொண்டு நடைக்கு வந்தாள். தம்பி அங்கேதான் சுவரோடு நின்றிருந்தான்.

"இது நீங்க செஞ்சதா? உண்மையைச் சொல்லுங்க. நீங்கன்னா கோவிச்சுக்க மாட்டேன்."

மனசார அவள் அதைத்தான் விரும்பினாள். அவன் ஒளிந்து ஒளிந்து செய்தான் என்றால்கூடப் பரவாயில்லை. அழுகை வரும், சண்டை வரும், ஆனால் அது மனுஷக் காரியம்.

அவன் கார்டை வாங்கிப் பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் முகம் மாறியது. கல்யாணத்தன்று இல்லாத வெளிச்சம், இந்த ஐந்து மாதத்தில் அவள் ஒரு நாளும் பார்த்திராத வெளிச்சம், அதில் வந்து உட்கார்ந்தது.

"நான் இல்ல" என்றான். "இது அவ பதிச்சது."

"என்ன பேசறீங்க?"

"எனக்குத் தெரியும். மாசம் ஒரு கார்டுதானே செய்யறே. ஆனா குப்பைக் கூடையில ஜன்னல் வெட்டின துண்டு ரெண்டு கிடக்கும்." சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். முட்டை வடிவ அட்டைத் துண்டுகள். வியர்வையில் ஓரம் மழுங்கியிருந்தன. "ஒவ்வொரு மாசமும் எடுத்து வெச்சுப்பேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ பயப்படுவே. பயந்து கார்டு செய்யறதை நிறுத்திடுவே. நீ நிறுத்திட்டா அவளும்..."

அவன் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. இத்தனை நாள் அவன் மேஜை பக்கத்தில் வந்து நிற்பான், தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பான், "இன்னும் ஒண்ணு பதியேன்" என்பான். தன் மேல் ஆசையாக வந்து நிற்கிறான் என்று நினைத்து அவள் உள்ளுக்குள் பூரித்துப் போயிருந்தாள். அந்தப் பூரிப்பை நினைத்து இப்போது கூசினாள். பயம் எங்கே போனதோ தெரியவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரு பெண்ணை இதைவிட மட்டமாக எப்படி ஏமாற்ற முடியும், சொல்லுங்கள்!

விடுவிடுவென்று முன்னறைக்குள் போனாள். டீச்சரம்மாவின் எதிரே, உதடு தெரியும்படி நேராக நின்றாள்.

"அம்மா, நான் வேலைக்கு வந்தவ இல்ல."

"ஏய் புதுசு! வாயை மூடு!" என்று அக்கா பதறி எழுந்தாள்.

"இவரைக் கட்டிக்கிட்டவ. உங்க பொண்ணு தவறிட்டாங்க. அப்ப நீங்க ஆஸ்பத்திரியில இருந்தீங்க, அதனால சொல்லல. இந்தக் கார்டெல்லாம் நான் செஞ்சது. உங்களை ஏமாத்தினதுக்கு என்ன வேணும்னாலும் சொல்லுங்க, வாங்கிக்கறேன்."

அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டீச்சரம்மா நெஞ்சைப் பிடித்துக்கொள்ளவில்லை, மயங்கி விழவும் இல்லை. புதுசின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"கருப்புப் பறவை உன்னோடதுன்னு தெரியும்மா. மூணு பொண்ணுங்க தைச்ச துணியைக் கலந்து வெச்சாலும் எது யாரு தையல்னு சொல்லிடுவேன். எம் பொண்ணு கை எனக்குத் தெரியாதா?"

"அப்ப..."

"ஒத்தையா வெளுத்து நிக்கறதுதான் அவளோடது."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். 

"அக்கா கையால கார்டு வந்தப்பவே சந்தேகம்தான். முதல் ஜோடி வந்த அன்னைக்கே புரிஞ்சுபோச்சு. ராத்திரி பூராவும் அழுதேன். அழுது முடிச்சிட்டேன்" என்றார் டீச்சரம்மா, நேற்று மழை பெய்தது என்று சொல்கிற குரலில். "இப்ப எதுக்கு வந்தேன்னா, இதைப் பாரு."

வெளிறிய கார்டுகளை மட்டும் வரிசையாக அடுக்கினார். முதல் மாதக் கார்டில் பறவை ஜன்னலுக்கு நடுவில் இருந்தது. அடுத்ததில் கொஞ்சம் தள்ளி. அதற்கடுத்ததில் ஜன்னலில் வால் மட்டும் தெரிந்தது. நாலாவதில் ஜன்னல் காலி. பிரித்துப் பார்த்தால் பறவை மூலையில் இருந்தது. போன மாதக் கார்டில், முடியின் கோடு விழுந்த அந்தப் பறவை, அட்டையின் ஓரத்துக்கே போய்விட்டது. பாதிதான் அட்டையில் இருந்தது. மிச்சப் பாதி வெளியே.

"கிளம்பிட்டா. ஆனா போக முடியல. வழி தெரியலையோ, யாராவது பிடிச்சு வெச்சிருக்காங்களோ. பெத்தவ வந்து கூப்பிட்டா வருவான்னு தோணுச்சு. அதான், எம் பொண்ணை அழைச்சுக்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

"வேண்டாம்!"

தம்பி கத்திய கத்தலில் மேஜையில் இருந்த இலைச் சீட்டுகள்கூடச் சிதறின. அந்த வீட்டில் அவன் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. ஓடி வந்து டீச்சரம்மாவின் காலடியில் உட்கார்ந்தான்.

"கூட்டிட்டுப் போயிடாதீங்க அத்தை. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அவ ஒரு ஓரமா இருந்துட்டுப் போறா. யாருக்கு என்ன தொந்தரவு?"

யாருக்கு என்ன தொந்தரவு! கட்டிய மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறான். அக்காவுக்கே பொறுக்கவில்லை. "டேய், என்னடா பேசறே? அந்தப் பொண்ணு முகத்தைப் பாருடா" என்றாள். அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

டீச்சரம்மா அவன் தலையைத் தடவிக் கொடுத்தார். அப்புறம் புதுசின் பக்கம் திரும்பினார்.

"இது இப்ப உன் வீடு. நான் கூப்பிட்டா மட்டும் போதாது. நீ சொன்னாத்தான் அவ வருவா. இருக்கட்டுமா, போகட்டுமா?"

புதுசுக்குப் போகட்டும் என்று கத்த வேண்டும் போலிருந்தது. கூடவே, பாதி உடம்பு ஓரத்தில் தொங்க நிற்கிற ஒருத்தியை நினைத்துப் பாவமாகவும் இருந்தது. அவளும் இந்த மேஜையில் குனிந்து குனிந்து முதுகு நோக உழைத்தவள்தானே!

"நான் என்னம்மா சொல்றது? அவங்க இருந்தாலும் சரி, போனாலும் சரி. இவரு யாரோட குடித்தனம் பண்ணப்போறாருன்னு முதல்ல இவரைக் கேளுங்க. அவங்களா, நானா? இவரு வாயால சொல்லட்டும். அதுக்கப்புறம் நான் சொல்றேன்."

தம்பி மெதுவாகத் தலையைத் தூக்கினான். கண் நிறையத் தண்ணீர். புதுசு மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் வாயையே பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், நடந்ததையெல்லாம் மறந்துவிடலாம் என்றுகூட அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தோன்றியது.

அவன் திரும்பினான். அவளைப் பார்க்கவில்லை. அவள் இடது தோளுக்குப் பக்கத்தில், யாருமே இல்லாத இடத்தைப் பார்த்து, "நீ என்ன சொல்றே?" என்று கேட்டான்.